வியாபாரப் பாடம்: ஆக்ஸிலரேட்டர் என்பது என்ன? அதில் சேர்வதால் நன்மை உண்டா?



சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மறு வாரம் என் அக்கா கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் முக்காலியில் உட்கார்ந்து கண் கலங்கினார்.

“தம்பி, நீ சொன்னால் அவன் கேட்பான். கோலாலம்பூரில் யாரோ அவனுக்குப் பணம் தருகிறார்களாம். அதற்குப் பதிலாக அவன் தொழிலில் நூற்றுக்கு 6 பங்கு எழுதிக் கேட்கிறார்களாம். பிள்ளையின் தொழிலை அந்நியனுக்கு எழுதிக் கொடுப்பதா? ஹஜ்ஜுக்கென்று நான் தாபோங் ஹாஜியில் சேர்த்து வைத்த 30,000 வெள்ளி இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்து விடுகிறேன். அங்கே போக வேண்டாம் என்று அவனிடம் சொல்” என்றார்.

அக்கா மகன் கம்ப்யூட்டர் படித்தவன். நம் மளிகைக் கடைகளில் கடன் எழுதி வைக்கிறோமே, 555 புத்தகம், அதைக் கைப்பேசிக்குள் கொண்டு வரும் ஏற்பாடு ஒன்றைச் செய்திருந்தான். அதை ஒரு தொழிலாக்க ‘ஆக்ஸிலரேட்டர்’ என்னும் திட்டத்திற்கு எழுதிப் போட்டான். அவர்களும் அவனைத் தேர்ந்தெடுத்து விட்டார்கள்.

பங்கு கேட்காத தாயின் பணம் நல்லதா? பங்கு கேட்கும் அந்நியனின் பணம் நல்லதா? யாரைக் கேட்டாலும் தாயின் பணம் என்றுதான் சொல்வார்கள். நானும் அன்று அப்படியே சொன்னேன். பிறகு நாலு பேரிடம் விசாரித்து, படித்துத் தெரிந்து கொண்டபோது என் பதில் தவறு என்று கண்டேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய காரியங்களில் இறங்குவதால், நான் அறிந்ததை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

1. பெயரும் பொருளும்

மோட்டார் வண்டியில் வேகத்தைக் கூட்டக் காலால் மிதிக்கும் உறுப்புக்கு ஆக்ஸிலரேட்டர் என்று பெயர். புதுத் தொழிலின் வேகத்தைக் கூட்டும் திட்டத்திற்கும் அந்தப் பெயரையே வைத்து விட்டார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: வண்டி தவறான சாலையில் நின்றால், மிதிக்க மிதிக்கத் தவறான ஊருக்கே சீக்கிரம் போய்ச் சேரும். ஆகவே நல்ல ஆக்ஸிலரேட்டர் முதலில் சாலையைப் பற்றிக் கேட்கும். பிறகுதான் மிதிக்கச் சொல்லும்.

இத்திட்டத்திற்கு நான்கு அடையாளங்கள் உண்டு. முதலாவது, காலக் கெடு: பெரும்பாலும் 3 மாதம், சில இடங்களில் 4 அல்லது 6 மாதம். இரண்டாவது, தனியாளாக அன்றிப் பல புதுத் தொழில்காரர்களை ஒரே சமயத்தில் ஓர் அணியாகச் சேர்ப்பார்கள். மூன்றாவது, தொழில் நடத்தி அடிபட்டுத் தேர்ந்தவர்கள் வழிகாட்டிகளாக வந்து பாடமும் யோசனையும் சொல்வார்கள். நான்காவது, முடிவில் ‘டெமோ டே’ என்று ஒரு நாள் வைத்து, முதலீட்டாளர்கள் முன்னிலையில் ஒவ்வொருவரும் தம் தொழிலை எடுத்துச் சொல்ல வேண்டும். இவற்றோடு கொஞ்சம் பணம் தந்து, அதற்கு ஈடாகத் தொழிலில் ஒரு பங்கு பெறுவார்கள். அரசாங்கம் நடத்தும் சில திட்டங்களில் பங்கு கேட்பதில்லை.

இது நமக்கு முற்றிலும் புதிய விஷயமா? நம் பெரியவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை நடத்திய காலத்தில், ஊரிலிருந்து வந்த பையன் கடையிலேயே உண்டு உறங்கி, எடை போடவும், கணக்கெழுதவும், சரக்கின் தரம் பார்க்கவும் கற்றான். சில வருஷம் கழித்து, முதலாளி சரக்கைக் கடனாகக் கொடுத்து அவனுக்கென்று ஒரு கடை வைத்துக் கொடுத்ததும் உண்டு. பணத்தோடு பழக்கமும், பழக்கத்தோடு கண்டிப்பும் சேர்ந்து வந்தன. வருஷக் கணக்கில் நடந்த அந்தப் பயிற்சியை மாதக் கணக்கில் சுருக்கினால் ஏறக்குறைய இதுதான்.

2. தோன்றிய வரலாறு

இம்முறையைத் தொடங்கி வைத்தது அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் என்னும் ஸ்தாபனம். பால் கிரஹாம், ஜெசிக்கா லிவிங்ஸ்டன், ராபர்ட் மோரிஸ், டிரெவர் பிளாக்வெல் ஆகிய நால்வர் 2005-இல் அதை ஆரம்பித்தார்கள். அவ்வாண்டுக் கோடைகாலத்தில் முதல் அணியில் சேர்ந்தவை 8 கம்பெனிகள் மட்டுமே. இன்று வரை 5,000-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் அதன் வழியே வந்துள்ளன. டிராப்பாக்ஸ், ஏர்பிஎன்பி, ஸ்ட்ரைப் என்னும் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. அவை யாவும் அங்கே பயின்றவைதாம். அடுத்து 2006-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் டெக்ஸ்டார்ஸ் தோன்றியது.

நம் வட்டாரத்திற்கும் இம்முறை வந்தது. சிங்கப்பூரில் ஜேஎஃப்டிஐ என்னும் ஸ்தாபனம் ஆயர் ராஜா பகுதியின் பிளாக் 71 கட்டடத்தில் 2012-இல் நூறு நாள் திட்டம் நடத்தியது. அத்திட்டம் இப்போது இல்லை. மலேசியாவில் 2014-இல் சைபர்ஜெயாவில் திறக்கப்பட்ட மேஜிக் என்னும் அரசாங்க மையம், 2015 முதல் நான்கு மாத ஆக்ஸிலரேட்டர் திட்டத்தை நடத்தியது. அம்மையம் 2021-இல் மலேசியத் தொழில்நுட்பப் பூங்காவோடு இணைக்கப்பட்டு மிராந்தி என்னும் ஸ்தாபனமாயிற்று. ஆகவே, இது அமெரிக்காவில் மட்டும் நடக்கும் காரியம் என்று நாம் ஒதுக்கி விடுவதற்கில்லை.

3. உள்ளே என்ன நடக்கிறது?

நுழைவது எளிதன்று. ஒய் காம்பினேட்டருக்கு வரும் விண்ணப்பங்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் தேறும். நேர்முகப் பேட்டி பத்தே நிமிஷம். அதற்குள் ‘என்ன செய்கிறாய்? யாருக்குச் செய்கிறாய்? அவர்கள் இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள்?’ என்னும் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். கடைக்கு வரும் புது ஏஜெண்டிடம் நாம் கேட்கும் கேள்விகளும் இவைதாமே!

சேர்ந்த பிறகு வாரந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும். ‘சென்ற வாரம் எத்தனை வாடிக்கையாளர்? இந்த வாரம் எத்தனை? கூடவில்லையென்றால் ஏன்?’ பக்கத்தில் அமர்ந்திருக்கும் மற்றவனும் இதே கேள்விக்கு உட்பட்டவன். அவன் கூட்டிக் காட்டும்போது நாம் கூட்டாமல் இருப்பது வெட்கமாக இருக்கும். ஒரே தெருவில் பத்துக் கடைகள் இருந்தால் காலையில் கடை திறக்க யாரும் தாமதிப்பதில்லை அல்லவா? அதே ரகசியம்தான்.

மூன்றாவதாக, காகிதங்களைச் சரி செய்வார்கள். இரண்டு சிநேகிதர்கள் சேர்ந்து வாய் வார்த்தையில் தொழில் தொடங்கி, ஒருவன் ஆறு மாதத்தில் விலகிப் பாதிப் பங்கு கேட்டால் என்ன கதி? இதைத் தடுக்க, பங்கு ஒரேயடியாகக் கைக்கு வராமல் 4 ஆண்டுகளில் சிறுகச் சிறுக உரிமையாகும்படியும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடையாது என்னும்படியும் எழுதி வைப்பது இத்தொழில்களில் வழக்கம். வாய் வார்த்தையால் பிரிந்துபோன கூட்டுக் கடைகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்!

நான்காவது, அறிமுகம். ஊர் பேர் தெரியாத இளைஞன் ஒரு பெரிய முதலீட்டாளரைச் சந்திக்க வருஷக் கணக்கில் அலைய வேண்டும். டெமோ டே அன்று அத்தகையவர்கள் ஒரே மண்டபத்தில் வந்து அமர்ந்திருப்பார்கள்.

4. ஓர் உதாரணம்

வீட்டின் உபரி அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி கம்பெனியை எடுத்துக் கொள்வோம். பிரையன் செஸ்கி, ஜோ கெப்பியா என்னும் இரு இளைஞர்கள் 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்ட முடியாமல், தம் அறையில் காற்று மெத்தை விரித்து மூன்று பேருக்கு இடம் கொடுத்தார்கள். அதுவே ஆரம்பம். நேதன் பிளெச்சார்சிக் என்பவர் மூன்றாவது பங்காளியானார். 2008-இல் பணம் தீர்ந்து கடன் ஏறியது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நேரம். ஒபாமா, மெக்கெய்ன் பெயர்களால் காலைச் சிற்றுண்டிப் பெட்டிகள் செய்து, பெட்டி 40 டாலர் வீதம் விற்றுச் சுமார் 30,000 டாலர் திரட்டினார்கள்.

2009 தொடக்கத்தில் ஒய் காம்பினேட்டரில் சேர்ந்தார்கள். அந்நியர் வீட்டில் போய்த் தங்குவதா என்று பால் கிரஹாமுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. எனினும், சிற்றுண்டிப் பெட்டி விற்றுப் பிழைத்தவர்கள் எளிதில் சாகமாட்டார்கள் என்று கண்டு சேர்த்துக் கொண்டார். கொடுத்த பணம் 20,000 டாலர். பெற்ற பங்கு நூற்றுக்கு 6.

அப்போது அவர்களுக்கு வாரம் 200 டாலர்தான் வருமானம். ‘உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கிறார்கள்?’ என்று கிரஹாம் கேட்டார். நியூயார்க்கில் என்றார்கள். ‘பின்னே இங்கே கலிபோர்னியாவில் என்ன செய்கிறீர்கள்?’ என்பதுபோல் கேட்டு அவர்களை நியூயார்க்குக்கு அனுப்பினார். வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, வீடுகள் நன்றாக இருந்தும் படங்கள் மங்கலாக இருப்பதைக் கண்டார்கள். நல்ல காமிரா ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தாங்களே படம் பிடித்துப் போட்டார்கள். வார வருமானம் இரட்டிப்பானது. திட்டம் முடிந்தபின் 2009 ஏப்ரலில் அவர்களுக்குச் சுமார் 6 லட்சம் டாலர் முதலீடு கிடைத்தது. 2020 டிசம்பரில் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது.

அவர்களைக் காப்பாற்றியது 20,000 டாலரா? பணம் கொஞ்ச நாள் சாப்பாட்டுக்கு உதவியது. காப்பாற்றியது அந்த ஒரு கேள்வி.

5. பங்கின் கணக்கு

இனி அக்காவின் கவலைக்கு வருவோம். ஒய் காம்பினேட்டர் 2022 முதல் மொத்தம் 5 லட்சம் டாலர் தருகிறது. அதில் 1,25,000 டாலருக்கு நூற்றுக்கு 7 பங்கு. மீதி 3,75,000 டாலரும் இனாம் அன்று. அடுத்த முதலீட்டாளர் வரும்போது அவர் ஒப்புக்கொள்ளும் விலையில் அதுவும் பங்காக மாறும். பிள்ளைகள் 7 என்பதை மட்டும் நினைவில் வைத்துப் பின்னால் வருவதை மறந்து விடுகிறார்கள். ஆதலால் முழுவதையும் கணக்குப் போட வேண்டும்.

அக்கா மகனுக்குத் தருவதாகச் சொன்னது 6 பங்குக்கு 90,000 வெள்ளி. அப்படியானால் ஒரு பங்கு 15,000. முழுத் தொழிலின் மதிப்பு 15 லட்சம் வெள்ளி. இன்னும் ஒரு காசு லாபம் காணாத தொழிலுக்கு இது குறைந்த விலை அன்று.

மற்றொரு விதமாகவும் பாருங்கள். தனியாக நடத்தினால் 100 வெள்ளி பெறும் தொழில், இவர்கள் உதவியால் 106 வெள்ளி 40 காசு பெறுமானால், 6 பங்கு போக மீதி நமக்கு 100 வெள்ளி நிற்கும். அதாவது, உதவியால் தொழில் நூற்றுக்கு ஆறரை கூடினாலே பங்கு கொடுத்தது ஈடாகி விடும். அந்த அளவுகூடக் கூடாது என்று தோன்றினால் சேரவே வேண்டாம்.

வட்டி சம்பந்தமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பங்குக்குப் பணம் தருபவர் லாபத்திலும் நஷ்டத்திலும் சேர்ந்து நிற்கிறார். ஒய் காம்பினேட்டர் 2013-இல் வகுத்த ‘சேஃப்’ என்னும் பத்திரத்தில் வட்டியும் இல்லை, திருப்பிக் கொடுக்கும் தவணையும் இல்லை. ஆனால் ‘கன்வர்ட்டிபிள் நோட்’ என்னும் மற்றொரு பத்திரம் கடனாகத் தொடங்கிப் பின் பங்காக மாறுவது. அதில் வட்டி எழுதியிருப்பது வழக்கம். பெயர் ஆங்கிலத்தில் அழகாக இருக்கிறதென்று கையெழுத்திட்டு விடாமல், எந்தப் பத்திரம் என்று பார்த்து, தெரிந்த ஆலிமிடமும் வக்கீலிடமும் கேட்டுக் கொள்வது நல்லது.

6. ஆராய்ந்தவர்கள் கண்டது

தென் அமெரிக்காவின் சிலி நாட்டு அரசாங்கம் 2010-இல் ஸ்டார்ட்-அப் சிலி என்னும் திட்டத்தைத் தொடங்கிப் பங்கு கேட்காமலே பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, பணமும் உட்கார இடமும் மட்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை என்றும், அவற்றோடு பயிற்சியும் கண்காணிப்பும் பெற்றவர்கள் முன்னேறினார்கள் என்றும் கண்டது.

அமெரிக்க ஆக்ஸிலரேட்டர்களைப் பற்றி 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு நம்மை வியக்க வைக்கும். அவற்றில் சேர்ந்த கம்பெனிகள், சேராதவற்றைவிட அதிகமாகவும் சீக்கிரமாகவும் மூடப்பட்டனவாம்! இது குறையா? தேறாத யோசனை தேறாது என்பது சீக்கிரம் தெரிந்து, பணம் வீணாகுமுன் நிறுத்தி விடுகிறார்கள் என்பதே அந்த ஆய்வின் கருத்து. ஓடாத சரக்கை மூன்றாம் மாதமே கண்டுகொள்பவன் பிழைக்கிறான். மூன்றாம் வருஷம் கண்டுகொள்பவன் மூழ்குகிறான்.

இதை நான் ஏட்டைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. 2009-இல் நான் இரண்டாவது கடை ஒன்று திறந்தேன். என் அத்தா ஊரிலிருந்த மனையை விற்றுப் பணம் கொடுத்தார்கள். பங்கு கேட்கவில்லை, கணக்கும் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்குமேல் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டமே இராது என்பதைக் கடை திறந்த பிறகுதான் அறிந்தேன். முன்கூட்டி ஒரு வாரம் அங்கே போய் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ‘நின்று பார்த்தாயா?’ என்று கேட்க ஆள் இல்லை. 14 மாதத்தில் மூடினேன். அத்தா கடைசி வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்புள்ளவர்களின் பணத்தில் உள்ள ஆபத்து அதுதான்: அவர்கள் கேள்வி கேட்பதில்லை.

7. சேருமுன் விசாரிக்க வேண்டியவை

எல்லா ஆக்ஸிலரேட்டரும் நல்லதன்று. ஆகவே பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

(1) நடத்துபவர்கள் சொந்தமாகத் தொழில் நடத்தியவர்களா, மேடையில் பேச மட்டும் தெரிந்தவர்களா?

(2) முன்பு சேர்ந்து வெளியேறியவர்களில் வெற்றி பெற்ற ஒருவரையும் தோற்ற ஒருவரையும் சந்தித்தீர்களா? தோற்றவரின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

(3) பணம் தருகிறார்களா, கட்டணம் என்று நம்மிடம் கேட்கிறார்களா? பங்கும் வாங்கிக் கட்டணமும் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

(4) நம் தொழில் தெரிந்த வழிகாட்டி இருக்கிறாரா? மளிகைத் தொழிலுக்கு வங்கிக்காரர் மட்டும் யோசனை சொன்னால் போதாது.

(5) அத்தனை மாதமும் முழு நேரமும் அங்கே இருக்க முடியுமா? குடும்பச் செலவுக்கு வழி என்ன?

மேலும், ஒரு கிளைக்கடையோ உணவுக் கடையோ திறப்பவருக்கு இத்திட்டங்கள் பெரும்பாலும் பொருந்தா. சிறிதாகத் தொடங்கி மிகப் பெரிதாக விரியக்கூடிய தொழில்களையே இவர்கள் தேடுகிறார்கள். மெதுவாக வளர்ந்து நிலையான லாபம் தரும் தொழில் மட்டமானதன்று; அதற்குரிய பாதை வேறு.

8. முடிவில் நடந்தது

நான் விசாரித்தறிந்தபின் அக்காவிடம் போய், “அக்கா, நான் அன்று சொன்னது தவறு. உங்கள் பணம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். தம்பி போய்ப் படித்து வரட்டும்” என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு சம்மதித்தார்.

மூன்றாவது வாரம் அவனைப் பத்து மளிகைக் கடைகளில், திறப்பது முதல் மூடுவது வரை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். என் கடையிலும் ஒரு நாள் இருந்தான். பத்துக் கடைக்காரரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: 555 புத்தகத்தில் கடைக்காரன் எழுதுவதை வாடிக்கையாளர் கண்ணால் பார்க்கிறார், அதனால் நம்புகிறார், கைப்பேசிக்குள் போனால் சந்தேகம் வரும். எட்டு மாதம் இரவு பகலாகச் செய்த வேலை யாருக்கும் வேண்டாததாகி விட்டது. அன்றிரவு அவன் என் வீட்டில் சாப்பிடாமல் படுத்துக் கொண்டான்.

ஆனால் உட்கார்ந்திருந்தபோது வேறொன்றைக் கண்டிருந்தான். ராக்கையின் பின்வரிசையில் தேதி முடிந்து கிடக்கும் சரக்கு! குறித்த நாளுக்குள் சொன்னால் சப்ளையர் திரும்ப எடுத்துக் கொள்வார். நாள் தவறினால் நஷ்டம் நம்முடையது. அந்த நாளை முன்கூட்டி நினைவூட்டும் ஏற்பாட்டைச் செய்தான். டெமோ டே அன்று 14 கடைகள் மாதம் 35 வெள்ளி கட்டிக் கொண்டிருந்தன. அன்று யாரும் முதலீடு தரவில்லை. நூறு கடை சேர்ந்த பின் வா என்று இருவர் சொன்னார்கள். இதை எழுதும்போது 41 கடைகள் சேர்ந்திருக்கின்றன. மாத வரவு 1,435 வெள்ளி. செலவுக்கு அது போதாமல் வாரத்தில் மூன்று நாள் வேறிடத்தில் வேலை பார்க்கிறான். தொழில் நிலைக்குமா என்று இன்னும் சொல்வதற்கில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். அந்த 30,000 வெள்ளியைக் கொடுத்திருந்தால், அது முழுவதும் யாருக்கும் வேண்டாத கைப்பேசிப் புத்தகத்திற்கே செலவாகியிருக்கும். அது இன்று பத்திரமாக இருக்கிறது. அக்காவின் முறை வரும்போது, இன்ஷா அல்லாஹ், அவர் புறப்படுவார்.

பாடச் சுருக்கம்

ஆக்ஸிலரேட்டர் தருவது நான்கு: கொஞ்சம் பணம், தேர்ந்தவர்களின் கேள்வி, உடன் பயில்வோரின் போட்டி, முதலீட்டாளர் அறிமுகம். அது எடுத்துக்கொள்வது இரண்டு: பங்கும் காலமும். எடுப்பதைவிடத் தருவது அதிகமானால் சேரலாம்.

கடைசியாக நம் சங்கத்திற்கு ஒரு யோசனை. மாதம் ஒரு மாலை, புதுத் தொழில் தொடங்க விரும்பும் பிள்ளை ஒருவனை அழைத்து உட்கார வைப்போம். கடை நடத்தித் தேர்ந்த இரண்டு பேர் அவனிடம் கேள்வி கேட்கட்டும். மறுநாள் யாராவது ஒருவர் தம் கடையில் அவனுக்கு ஒரு முக்காலி போடட்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை, பங்கும் வேண்டியதில்லை. முதல் மாதத்துக்கு என் கடை முக்காலி தயாராக இருக்கிறது.